ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் புரியாத எண்: எதைக் கண்டால் எங்கே தேடுவது

மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்திருப்பீர்கள். அல்லது அம்மாவுக்கு அசதி என்று டாக்டர் சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எழுதிக் கொடுத்திருப்பார். சாயங்காலமே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது, டாக்டரைப் பார்க்க நாளை மறுநாள்தான் டோக்கன். தடித்த எழுத்தில் ஓர் எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. இணையத்தில் தேடினால் இரண்டாவது வரியிலேயே புற்றுநோய் வந்து நிற்கும். அப்புறம் எங்கே தூக்கம்? நடுவில் இருக்கும் அந்த இரண்டு ராத்திரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எந்த எண்ணையும் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்து எண்களோடும், உங்கள் பழைய ரிப்போர்ட்டோடும், அன்றைக்கு ரத்தம் எடுத்த விதத்தோடும் சேர்த்துப் படியுங்கள். பாதி பயம் அங்கேயே தீரும். மீதிப் பாதியில் எதற்கு உண்மையிலேயே ஓட வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில், காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ள எதுவும் ரிப்போர்ட்டில் இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போங்கள்.

- ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே. அல்லது 7-க்கு மேலே இருந்தாலும் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, தார் போன்ற கறுப்பு மலம்.
- தட்டணுக்கள் 20,000-க்குக் கீழே. அல்லது எந்த எண்ணாக இருந்தாலும் ஈறிலோ மூக்கிலோ ரத்தக்கசிவு.
- பொட்டாசியம் 6-ஐத் தாண்டியது, அல்லது 3-க்குக் கீழே போனது.
- சோடியம் 125-க்குக் கீழே, கூடவே குழப்பமான பேச்சு, தள்ளாட்டம்.
- சுகர் 300-க்கு மேல், கூடவே வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம். சுகர் 70-க்குக் கீழே இருந்தால் டாக்டருக்கு முன்னால் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.
- கீமோதெரபி எடுப்பவருக்குக் காய்ச்சலும் நியூட்ரோபில் (வெள்ளையணுவில் ஒரு வகை) எண்ணிக்கை 500-க்குக் கீழேயும்.
- ஸ்மியர் (ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது) குறிப்பில் 'பிளாஸ்ட்' (முதிராத அணு) என்ற சொல்.
- கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு) சில நாட்களில் இரண்டு மடங்கானது, சிறுநீர் குறைந்தது.

ஆம்புலன்சுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

இவற்றில் எதுவும் இல்லையா? சரி, நிதானமாகப் பார்க்கலாம்.

ஒன்றிரண்டு எண்கள் மட்டும் எல்லைக்குச் சற்று வெளியே

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் இருக்கும் 'இயல்பு அளவு' எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமானவர்கள் பலரிடம் ரத்தம் எடுத்து, நடுவில் விழும் 95 சதவீதத்தினரின் அளவுகளை இரு எல்லைகளாகப் போடுகிறார்கள். பெரும்பாலான பரிசோதனைகளுக்கு இதுதான் முறை. அப்படியானால் எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு அம்புக்குறி விழுந்தே தீரும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே நாளில் எடுத்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்குக் குறைந்தது ஒரு குறியாவது விழும் வாய்ப்பு 64 சதவீதம். அறுபது, எழுபது பரிசோதனைகள் கொண்ட பேக்கேஜ்களை விற்கும் இந்தக் காலத்தில் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லையை ஒட்டித் தாண்டியதா, பல மடங்கு தாண்டியதா என்று முதலில் பாருங்கள். அடுத்து போன வருட ரிப்போர்ட்டை எடுங்கள். ஐந்து வருடமாக அதே இடத்தில் நிற்கும் எண் பெரும்பாலும் உங்கள் உடம்பின் வழக்கம். எல்லைக்கு உள்ளேயே இருந்தாலும் வருடா வருடம் ஒரே திசையில் நகரும் எண்ணுக்குத்தான் கவனம் தேவை. அதற்கு எந்தக் குறியும் விழாது. 15-இலிருந்து 13.2-க்கு இறங்கிய ஓர் ஆணின் ஹீமோகுளோபின் பல லேப்களில் 'நார்மல்' என்றே அச்சாகும்.

எண் நம்ப முடியாத அளவுக்குச் சின்னது, அல்லது பெரியது

இங்கே சந்தேகப்பட வேண்டியது அலகு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ லண்டனிலோ இருக்கும் மகன் தன் ரிப்போர்ட்டில் சுகர் 5.4 என்று சொன்னால், ஊரில் அப்பா பதறிவிடுகிறார். அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் 97 வரும். கொலஸ்ட்ரால் 5.2 என்றால் நம் கணக்கில் 200. கிரியேட்டினின் 88 என்று மைக்ரோமோலில் வந்தால் அது 1.0 மில்லிகிராம். பிரிட்டனில் ஹீமோகுளோபின் 130 என்று எழுதுவார்கள், நமக்கு அது 13. அங்கே ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டுவது) 48 என்றால் நம்முடைய 6.5 சதவீதம்.

இந்தியாவுக்குள்ளேயே ஒரு குழப்பம் உண்டு. ஒரு லேப் 'யூரியா' என்று தரும், இன்னொன்று 'பியூஎன்' (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்று தரும். பியூஎன்னை 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா. போன மாதம் 18, இந்த மாதம் 39 என்று பார்த்துவிட்டு, சிறுநீரகம் போய்விட்டது என்று அழுவதற்கு முன் இரண்டும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஹீமோகுளோபின் குறைவு

நம் வீடுகளில் அதிகம் வரும் குறி இதுதான். அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். 'பொம்பளைங்கன்னா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்' என்று சொல்லி வருடக்கணக்கில் அசதியோடு வாழவிடுகிறோம். அது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆணுக்கு 13-க்குக் கீழே, பெண்ணுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே (நடு மூன்று மாதங்களில் 10.5-க்குக் கீழே) என்றால் ரத்தசோகை. 9.5 என்பது எந்தப் பெண்ணுக்கும் இயல்பு கிடையாது.

எண் நம்பக்கூடியதா என்று பார்க்க லேப்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஹீமோகுளோபினை 3-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைக்கும் இடத்தின் சதவீதம்) வர வேண்டும். 12 என்றால் 36 பக்கம். ரொம்ப விலகியிருந்தால் மாதிரியிலோ மெஷினிலோ ஏதோ இடறியிருக்கலாம், மறுபடி பார்க்கச் சொல்லலாம். அணுக்கள் வெளிறிப் போன ரத்தசோகையில் இந்தக் கணக்கு கொஞ்சம் தவறும்.

எண் சரிதான் என்றால் அடுத்த வரிகளில் எம்சிவியைத் தேடுங்கள். சிவப்பணு ஒன்றின் சராசரிப் பருமன் அது. இயல்பு 80 முதல் 100.

எம்சிவி 80-க்குக் கீழே இருந்தால், இரும்புச்சத்துக் குறைவு அல்லது தலசீமியா மரபுக்கூறு (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு) என்று இரண்டு பெரிய காரணங்கள். இவற்றைப் பிரிக்க ரிப்போர்ட்டிலேயே ஒரு தடயம் இருக்கிறது. எம்சிவியை ஆர்பிசி (சிவப்பணு) எண்ணிக்கையால் வகுங்கள். ஒருவருக்கு எம்சிவி 70, ஆர்பிசி 3.9 என்றால் வருவது 18. இன்னொருவருக்கு எம்சிவி 64, ஆர்பிசி 5.8 என்றால் 11. விடை 13-க்கு மேலே போனால் இரும்புக் குறைவு, கீழே வந்தால் தலசீமியா மரபுக்கூறு என்று சந்தேகிக்கலாம். இது சந்தேகத்துக்கு மட்டும்தான். முடிவு சொல்ல ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது), ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 அளவும் வேண்டும். ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா மரபுக்கூறு.

அந்த மரபுக்கூறு உள்ளவருக்கு உடம்பில் பெரிய தொந்தரவு இருக்காது. ஆனால் கணவன் மனைவி இருவருக்கும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் தலசீமியா வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதனால் கல்யாணத்துக்கு முன்போ, குறைந்தது கர்ப்பத்தின் ஆரம்பத்திலோ துணையின் சிபிசியையும் பார்த்துவிட வேண்டும். இரும்பு குறையவில்லை என்று தெரிந்தால் வருடக்கணக்கில் சத்து மாத்திரை விழுங்கவும் தேவையில்லை.

ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்பு தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சலோ மூட்டு வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும் என்பதால், அப்போது வரும் 'நார்மல்' நம்பத்தக்கது இல்லை. இரும்பு எங்கே போகிறது என்ற கேள்வி அடுத்து வருகிறது. மாதவிடாய் அதிகமா? வயலில் வெறுங்காலோடு வேலை செய்பவருக்குக் கொக்கிப்புழுவா? வயது வந்த ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவு என்றால் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூலம், வலி மாத்திரையால் வந்த வயிற்றுப் புண், குடல் புற்றுநோய் எதுவும் காரணமாக இருக்கலாம். இந்த இடத்தில் மட்டும் டானிக் வாங்கிக் குடித்துத் தள்ளிப்போடாதீர்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் காபி, டீ குடிக்கும் நேரத்தை ஒட்டிப் போடக் கூடாது. அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால். ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் தொடர்ந்தால்தான் கையிருப்பு நிரம்பும். பலரும் எண் ஏறியதும் நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

எம்சிவி 100-க்கு மேலே என்றால் வைட்டமின் பி12, ஃபோலிக் ஆசிட் குறைவு, மது, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவற்றைத் தேட வேண்டும். முழு சைவர்களுக்கும், சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். கால் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுக்கக் கூடாது. ரத்தம் ஏறியது போல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

எம்சிவி அழகாக 88 என்று இருந்து ஹீமோகுளோபின் மட்டும் குறைந்தால்? ஆர்டிடபிள்யூ என்ற வரியைப் பாருங்கள். சிவப்பணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்வது அது. 14.5-க்கு மேல் ஏறியிருந்தால் சின்ன அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்து இருக்கலாம். இரும்பும் பி12-வும் சேர்ந்து குறையும்போது சராசரி நடுவில் விழுந்து இயல்பு போலக் காட்டும். ஆர்டிடபிள்யூவும் சரியாக இருந்தால் சிறுநீரகம், நாள்பட்ட அழற்சி பக்கம் டாக்டர் தேடுவார்.

தட்டணுக்கள் திடீரென்று 60,000

காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

காய்ச்சலே இல்லை, உடம்பில் ஒரு சிராய்ப்பு, ஒரு ஊதாத் தடம் கிடையாது, மற்ற அணுக்கள் எல்லாம் சரி என்றால், குழாயைச் சந்தேகியுங்கள். சிபிசிக்கு ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ என்ற ரசாயனம் உண்டு. சிலருடைய ரத்தத்தில் அந்த ரசாயனம் பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் அந்தக் கட்டியைத் தட்டணுவாக எண்ணாது. எண் குறைந்துவிடும். உடம்பில் குறைவே இல்லை. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் மெதுவாக வந்து லேசாக உறைந்தாலும் இதே கதை. ஸ்மியர் போட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள், கட்டிகள் கண்ணுக்குத் தெரியும். நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் உண்மை எண் வரும். அதில் உள்ள திரவத்தால் ரத்தம் நீர்த்திருப்பதால் 1.1-ஆல் பெருக்க வேண்டும். ஒருமுறை இது உறுதியானால் அதை எழுதி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஏதோ ஓர் ஆபரேஷனுக்கு முன் இதே எண் வந்து எல்லோரையும் கலங்கடிக்கும்.

காய்ச்சல் இருக்கிறது, அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் என்றால் டெங்கு நினைவுக்கு வர வேண்டும். இங்கே எல்லோரும் தட்டணு எண்ணையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிசிவி. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிவதால் வருகிறது. நீர் போனால் ரத்தம் கெட்டிப்பட்டு பிசிவி ஏறும். தட்டணு இறங்க, பிசிவி ஏற, இரண்டும் சேர்ந்து நடந்தால் அட்மிட் ஆக வேண்டிய நேரம். இன்னொன்று, காய்ச்சல் விட்டதும் நிம்மதிப்படக் கூடாது. காய்ச்சல் விடும் சமயத்தில் தொடங்கும் ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், சில்லிட்ட கைகால், சோர்ந்து கிடப்பது இவற்றில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் தவிர ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது. ரத்தக்கசிவு இல்லாதவருக்குத் தட்டணு 40,000 என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதில்லை. டாக்டர் ஏற்ற மறுத்தால் அவரோடு சண்டை போட வேண்டாம்.

வெள்ளையணு மொத்தம் சரி, சதவீதத்தில் குறி

லிம்போசைட் 48, நியூட்ரோபில் 42, ஈசினோபில் 8 என்று ஏதாவது ஒன்றில் அம்பு விழுந்திருக்கும். சதவீதத்தில் ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் மொத்த எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 5,000, ஈசினோபில் 8 சதவீதம் என்றால் 400. எல்லை 500. விஷயமே இல்லை. மொத்தம் 11,000, அதே 8 சதவீதம் என்றால் 880. இப்போது காரணம் தேடலாம். அலர்ஜி, ஆஸ்துமா, குடல்புழு, புதிதாக ஆரம்பித்த மருந்து, இந்த வரிசையில். 3,000-ஐத் தாண்டி, ராத்திரியில் இருமலும் இழுப்புமாக இருந்தால், யானைக்கால் நோய்ப் புழுவால் வரும் நுரையீரல் தொந்தரவு ஒன்று உண்டு. ஆஸ்துமா என்றே நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், டாக்டரிடம் எண்ணைக் காட்டுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கு நியூட்ரோபில் ஏறும். அது கிருமித்தொற்று என்று அர்த்தமில்லை. சளி, காய்ச்சல் வந்துபோன பிறகு லிம்போசைட் கொஞ்ச நாள் தூக்கலாக இருக்கும்.

பொட்டாசியம் 5.8, ஆள் நன்றாக இருக்கிறார்

சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் ஏராளம். ஊசியில் வேகமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து அது வெளியே கொட்டும். ரிப்போர்ட் அடியில் 'ஹீமோலைஸ்டு' என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் கல்லீரல் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடியும் கூடவே ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, அது மணிக்கணக்கில் பையில் சுற்றியிருந்தாலும் ஏறும். நரம்பு தெரிய வேண்டும் என்று கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறந்தாலும் ஏறும்.

உண்மையாகவே ஏறும் ஆட்கள் யார்? சிறுநீரகம் பலவீனமானவர்கள், பிரஷருக்கு எனலாப்ரில், டெல்மிசார்டான் வகை மருந்தோ ஸ்பைரோனோலாக்டோனோ எடுப்பவர்கள். இவர்களுக்கு இளநீர் தினமும் நல்லது என்று அன்போடு கொடுப்பது ஆபத்தாக முடியலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதிலும் பொட்டாசியம்தான். சந்தேகம் இருந்தால் அன்றே மறுபடி எடுத்து, கூடவே ஒரு இசிஜி.

சுகர் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை

வெறும் வயிற்றில் 118, சாப்பிட்ட பின் 104. இது எப்படி என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அவசரமாக இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டு வந்திருப்பீர்கள், சுகர் மாத்திரை அந்தச் சாப்பாட்டோடு போட்டிருப்பீர்கள், லேப்புக்கு நடந்து வந்திருப்பீர்கள். விடியற்காலையில் கல்லீரல் தானாகச் சுகரை விடுவதால் வெறும் வயிற்று எண் ஏறுவதும் உண்டு. 104-ஐப் பார்த்துச் சந்தோஷப்படுவதைவிட 118-ஐப் பாருங்கள். 100 முதல் 125 வரை சுகருக்கு முந்தைய நிலை. 126-ம் அதற்கு மேலும் வந்து, அறிகுறி ஏதும் இல்லாவிட்டால், இன்னொரு பரிசோதனையிலும் உறுதியான பிறகுதான் சர்க்கரை நோய் என்று பெயர் வைக்க வேண்டும்.

ரத்தம் எடுத்துப் பிரிக்காமல் வைத்தால் அணுக்கள் அதிலுள்ள சுகரைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதற்காகத்தான் சாம்பல் மூடிக் குழாய்.

ஹெச்பிஏ1சி 6.6, ஆனால் வீட்டு மெஷினில் எப்போதும் நூறு சொச்சம் என்றால், மேலே போய் ஹீமோகுளோபின் வரியைப் பாருங்கள். இந்த எண் சிவப்பணுவில் ஒட்டிய சுகரைக் கணக்கிடுகிறது. அணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். இரும்புக் குறைவில் ஏ1சி பொய்யாக ஏறும். ரத்தம் ஏற்றியவருக்கும், அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவருக்கும் பொய்யாக இறங்கும். தலசீமியா மரபுக்கூறிலும் நம்ப முடியாது. இவர்களுக்கு நேரடி சுகர் எண்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்தசோகையை விசாரிக்காமல் ஏ1சி ஒன்றை மட்டும் வைத்து வாழ்நாள் மாத்திரை ஆரம்பித்தால், 'ஒருமுறை வேறு விதமாகவும் பார்த்துவிடலாமா டாக்டர்' என்று கேட்பதில் தவறே இல்லை.

கிரியேட்டினின்: குறி விழுந்தவரும் விழாதவரும்

இந்த ஒரு வரியில் அம்புக்குறி ரொம்பவே ஏமாற்றும். ஜிம்முக்குப் போகும் 25 வயதுப் பையனுக்கு 1.4 வந்தால் குறி விழும். 70 வயதுப் பாட்டிக்கு 1.1 என்றால் பெரும்பாலும் விழாது. இப்போது வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர் போட்டுப் பாருங்கள். பையனுக்கு ஏறக்குறைய 72. பாட்டிக்கு 54. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. குறி விழாத பாட்டிதான் கவனிக்கப்பட வேண்டியவர். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கித் தின்னும் வலி மாத்திரையை முதலில் நிறுத்த வேண்டியவரும் அவர்தான்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை அதிகம் உள்ளவருக்கும், கிரியேட்டின் பவுடர் எடுப்பவருக்கும், முந்தின இரவு கறி நிறைய சாப்பிட்டவருக்கும் கொஞ்சம் ஏறும். வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் ஏறும், அப்போது யூரியாவும் சேர்ந்து ஏறும். சுகரோ பிரஷரோ உள்ளவர்கள் ரத்தத்தோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் ஏறும் முன்பே அது சொல்லிவிடும்.

பிலிருபின் மட்டும் 2.1, கல்லீரலின் மற்ற எண்கள் சரி

பிலிருபின் வரி மூன்றாகப் பிரிந்திருக்கும். மொத்தம் 2.1, நேரடி 0.4, மீதி மறைமுகம். எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) சரி, ஹீமோகுளோபின் சரி, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகவில்லை என்றால் கில்பர்ட் என்ற பிறவிக்கூறாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் என்றே சொல்ல வேண்டாத ஒன்று. பட்டினி கிடந்தால் ஏறும். ஏகாதசி விரதத்துக்கு மறுநாள் ரத்தம் கொடுத்தால் அழகாகத் தெரியும். அணுக்கள் அழியவில்லை என்று ரெட்டிக்குலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை பார்த்து உறுதி செய்தால் போதும். இதை மஞ்சள் காமாலை என்று நினைத்து மாதக்கணக்கில் பத்தியம் இருக்க வைப்பதும் மருந்து கட்டுவதும் தேவையில்லாத துன்பம்.

எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் ஏறி, தொப்பையும் டிரைகிளிசரைடும் கூடவே இருந்தால் பெரும்பாலும் கொழுப்புக் கல்லீரல். ஆனாலும் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கல்லீரல் தழும்பாகிறதா என்று கையில் இருக்கும் எண்களை வைத்தே தோராயமாகச் சொல்லலாம். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையால் (ஆயிரங்களில், அதாவது 2.4 லட்சம் என்றால் 240) வகுத்து, மறுபடி எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 48 வயது, எஸ்ஜிஓடி 42, எஸ்ஜிபிடி 64, தட்டணு 2.4 லட்சம் என்றால் 1.05 வரும். 1.3-க்குக் கீழே என்றால் நிம்மதி. 2.67-க்கு மேலே போனால் கல்லீரல் டாக்டர்.

எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்றால் மது நினைவுக்கு வர வேண்டும். எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு. முந்தின நாள் கடுமையாக எடை தூக்கியவருக்கு சிபிகே என்ற தசை நொதியைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆயிரங்களில் எண்கள் வந்தால், கண் மஞ்சளானால், கீழாநெல்லியை அரைப்பதற்கு முன் ஆஸ்பத்திரி.

வளரும் பிள்ளைகளுக்கு அல்கலைன் பாஸ்பட்டேஸ் (கல்லீரலிலும் எலும்பிலும் உள்ள நொதி) ஏறியிருப்பது எலும்பு வளர்வதால். கர்ப்பிணிக்கும் ஏறும்.

டிஎஸ்எச் 6.2, டி4 சரி

டிஎஸ்எச் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், டி4 தைராய்டே சுரப்பது. உடனே மாத்திரை வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, முடிந்தால் அதே நேரத்தில், மறுபடி பாருங்கள். கணிசமான பேருக்குத் தானே இறங்கிவிடும். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிகிச்சை. கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயல்பவர்களும் இந்த நிதானத்தைக் கடைப்பிடிக்கக் கூடாது. அவர்களுக்கு எல்லையே வேறு, அந்த வாரமே டாக்டர்.

டிஎஸ்எச் ரொம்பக் குறைவு, டி4 அதிகம், ஆனால் படபடப்போ எடைக் குறைவோ ஒன்றும் இல்லை என்றால், முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? பல மெஷின்களின் பரிசோதனை முறையை அது குழப்பி, இல்லாத தைராய்டு மிகைப்பைக் காட்டும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை எடுத்தும் டிஎஸ்எச் இறங்கவில்லை என்றால், டோஸை ஏற்றுவதற்கு முன் எதோடு போடுகிறீர்கள் என்று பாருங்கள். வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம்.

சீக்கிரம் தாண்டிவிடக்கூடிய குறிகள்

இஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம்) 32 தனியாக எதையும் சொல்லாது. வயது, ரத்தசோகை, கர்ப்பம் எல்லாமே அதை ஏற்றும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது தோராய எல்லை. யூரிக் ஆசிட் 7.6, மூட்டில் வலி, வீக்கம், சிறுநீரகக் கல் எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. டிரைகிளிசரைடு 210 என்றால் முந்தின இரவு கல்யாண விருந்தா, மதுவா என்று யோசித்துவிட்டு மறுபடி பாருங்கள். 500-ஐத் தாண்டினால் கணையத்துக்கு ஆபத்து, அதைத் தள்ளிப்போடாதீர்கள். டிரைகிளிசரைடு 400-க்கு மேல் இருக்கும்போது, கணக்குப் போட்டு எழுதிய எல்டிஎல் எண் செல்லாது. நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

மறுபடி எடுக்கும்போது

அதே லேப், ஏறக்குறைய அதே நேரம். வெறும் வயிறு என்றால் சாப்பாடு கூடாது, தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தண்ணீரும் குடிக்காமல் போய் நரம்பு கிடைக்காமல் தவிப்பவர்கள் அதிகம். இரண்டு நாள் முன்பிலிருந்து கடும் உடற்பயிற்சி வேண்டாம். காய்ச்சல் நேரத்தில் எடுத்த கொலஸ்ட்ரால், ஃபெரிட்டின் எண்களை நம்ப வேண்டாம், குணமான பிறகு எடுங்கள். சித்த மருந்து, சத்துப் பவுடர், மெடிக்கலில் தானாக வாங்கியது உட்பட எல்லா மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, பழைய ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் கொடுங்கள்.

இடைவெளி எண்ணுக்கு எண் மாறும். பொட்டாசியமும் தட்டணுவும் அன்றே அல்லது மறுநாள். கிரியேட்டினின் புதிதாக ஏறியிருந்தால் ஓரிரு வாரத்துக்குள். இரும்பு மாத்திரை ஆரம்பித்தவருக்கு ஹீமோகுளோபின் ஒரு மாதத்தில். தைராய்டு டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம். அதற்குள் பார்த்தால் எண் இன்னும் நிலைக்கு வந்திருக்காது. ஏ1சி மூன்று மாதம்.